இரண்டு மாதத்துக்கு ஒருமுறை

மின்வாரியத்தில் எனக்கு ஒதுக்கியிருப்பது
வேலப்பாடியும் காகிதப்பட்டறையில் பாதியும்.
ஒரு மீட்டரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறேன்.
அதனால் எந்தச் செடியும்
என் கண்ணெதிரே வளர்ந்ததில்லை.
போன முறை இல்லை, இந்த முறை இருக்கிறது,
அவ்வளவுதான்.
வேலப்பாடிக்குப் பங்குனி கிடையாது.
காகிதப்பட்டறைக்குச் சித்திரை கிடையாது.

வைகாசியில் இந்த மலைகள்
பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை
ராத்திரி எங்கள் மேல் வட்டியோடு இறக்கும்.
யூனிட் எகிறும்.
அட்டையில் எழுதும் என்னை முறைப்பார்கள்,
வெயிலை நான் கொண்டுவந்ததுபோல.
அந்த நாளில்தான் மெக்கானிக் கடைப் புங்கமரம்
கூச்சமே இல்லாமல் உதிர்க்கிறது.
கழற்றிப்போட்ட வண்டியின் சீட்டில்
வெளிறிய ஊதா, ஒரு விரற்கடை உயரம்.
பையன் ஊதி ஊதி
நட்டுகளைப் பொறுக்குகிறான்.

சரக்கொன்றை என் தெருக்களில் இல்லை.
அது சத்துவாச்சாரிப் பக்கம், சுகிர்தவல்லியின் ஏரியா.
பூத்த அன்றைக்குப் போனில் படம் அனுப்புவாள்,
ஒரு வார்த்தைகூட எழுதாமல்.
அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பாலாற்றில் தண்ணீர் என்று யாராவது சொன்னால்
பாலத்துக்கு ஓடுவோம்.
போன ஆடியிலும் ஓடினோம்.
மணல்.
மணலில் நெருஞ்சி, மஞ்சள் மஞ்சளாக,
அதுவும் ஒரு திசைக்குத்தான் முகம் காட்டியது.
வந்ததற்குப் பார்த்துவிட்டு,
செருப்பில் முள்ளோடு திரும்பினோம்.

வேலப்பாடியில் பதினேழாம் எண் வீடு
வெகுநாளாய்ப் பூட்டியிருக்கிறது.
கேட் கம்பி வழியாக மீட்டர் தெரியும்.
04316.
ஆனியில் பெட்டியின் காலடியில் ஒரு கொடி.
ஆவணியில் கடைசி இலக்கம் மறைந்தது.
ஐப்பசியில் கண்ணாடியே இல்லை,
சங்குப்பூ, எண்ணினேன், பதினொன்று.
உள்ளே அதே 04316 இருப்பதாக நம்பி எழுதினேன்:
நுகர்வு பூஜ்யம்.
பொய் இல்லை.
ஆனால் அந்த வீட்டில் எதுவும் நடக்கவில்லை என்று
கையெழுத்துப் போடக்
கொஞ்சம் தயங்கினேன்.

கார்த்திகை, மழை விட்ட காலை.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் தங்கும் லாட்ஜின் பின்புறம்
எட்டு அறைக்கு எட்டு மீட்டர்.
ஈரத்தரையில் குந்தியபடி
நீளக்காம்பு வெள்ளைப் பூக்களை
எவர்சில்வர் டம்ளரில் பொறுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர்.
கையில் அட்டெண்டர் பாஸ்.
கொல்கத்தாவுக்கும் அப்பால் ஏதோ ஊர்.
மரத்தைக் காட்டி, “ஆகாஷ் நீம்” என்றார்.
“மரமல்லி” என்றேன்.
நீம் என்றால் வேம்பு, எனக்கும் தெரியும்.
ஆகாசம் இருவருக்கும் ஒன்றுதான்.
“மொரமொல்லி” என்று அவர் சொல்லிப்பார்த்தார்,
இரண்டு முறை,
வாயில் மாத்திரையை இடம் மாற்றுவதுபோல.
டம்ளரை மூடிக்கொண்டு
வார்டுப் பக்கம் நடந்தார்.

தையில் போனேன்.
அந்த அறை வாசலில் வேறு செருப்புகள்.
மரத்தில் பூ இல்லை.
எதைப் பற்றியும் யாரிடமும் கேட்கவில்லை.
மூன்றாம் மீட்டர் மட்டும்
நன்றாக ஓடியிருந்தது.

மாசியில் பதினேழாம் எண் கேட் திறந்துகிடந்தது.
குடிவந்து பத்து நாளாம்.
வாசலில் புது மிக்ஸி அட்டைப்பெட்டி,
சுவரோரம் அறுத்துப்போட்ட கொடி, சருகாய்.
“ரீடிங் எடுக்க வர்றவங்க திட்டுவாங்கன்னுதான்
முதல் வேலையா அதை வெட்டினோம்” என்றாள்
அந்த வீட்டுப் பெண், ஷமீனா.
தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டாள்.
துடைத்த கண்ணாடிக்குள் 04351.
முப்பத்தைந்து யூனிட்.
என் நம்பிக்கை சரியாகத்தான் இருந்திருக்கிறது.
அதில் எனக்கொன்றும் சந்தோஷம் இல்லை.

எர்த் கம்பியில் ஒரு காய் மட்டும்
காய்ந்து முறுக்கிக்கொண்டு ஒட்டியிருந்தது.
நகத்தால் கிள்ளி
சில்லறை வைக்கும் பைக்குள் போட்டேன்.
பேருந்தில் ஐந்து ரூபாய் தேடும்போது
விரலில் விதை தட்டுகிறது.
வேலப்பாடிக்கு அடுத்த ரீடிங் சித்திரையில்.
வெயிலில் எதையும் நடக்கூடாது என்கிறார்கள்.
பார்க்கலாம்.